குறி தப்பாதவரின் கோட்டு

9

"அந்த ஆளோட கோட்டு எங்க, பாஸ்?"

ஜோலீன் இதைக் கேட்டபோது வெர்ன் மட்டிலா கறி அடைத்துச் சுட்ட பேஸ்டியைக் கடித்துக்கொண்டிருந்தான். மெல்லுவது நின்றது.

ஆல்டர் கவுண்டி ஷெரிஃப் அலுவலகத்துக்கு ஒரே துப்பறியும் அதிகாரி வெர்ன். அவனுக்கு ஒரே உதவியாள் ஜோலீன் பெரோனா. டிட்ராய்ட்டில் பிறந்தவள். சுப்பீரியர் ஏரிக்கரையில் இது அவளுக்கு முதல் குளிர்காலம். செப்டம்பரிலிருந்தே அதைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"எந்த ஆளோட?"

"செல்லுக்குள்ள இருக்காரே, ரெய்னோ கார்ப்பெலா. அவரைக் கைது பண்ணப்போ எடுத்த போட்டோவைப் பாருங்க. சட்டை, மேல ஒரு ஸ்வெட்டர். அவ்வளவுதான். அன்னிக்கு வெளிய துப்பின எச்சில் தரைக்கு வர்றதுக்குள்ள கல்லாச்சு. நான் மெத்தையைச் சுத்திக்கிட்டு நடந்தேன். இவர் இருட்டோட காட்டுல வேட்டைப் பரண்மேல ஏறி உட்கார்ந்தவர். ஸ்வெட்டரோடயா உட்கார்ந்திருப்பார்?"

"ரத்தம் பட்டிருக்கும். கழட்டி எங்கயாவது வீசியிருப்பார்."

"தேடினோமா?"

வெர்ன் பேஸ்டியைத் தாளில் வைத்து மடித்தான். தேடவில்லை. தேட வேண்டும் என்று தோன்றாத அளவுக்கு வழக்கு சுலபமாக இருந்தது.

ரெய்னோவும் அவருடைய அண்ணன் அர்வோவும் அப்பா விட்டுப்போன காட்டுக்காக ஒரு வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அர்வோ விற்க வேண்டும் என்றார். ரெய்னோ கூடாது என்றார். சம்பவத்துக்கு முந்தின நாள் டெல்மாவின் மதுக்கடையில் எல்லோர் முன்னாலும், "என் பரண் பக்கம் வந்துடாதே, சொல்லிட்டேன்" என்று ரெய்னோ கத்தினார். மறுநாள் காலையில் அதே பரணிலிருந்து கிளம்பிய ரெய்னோவின் அம்பு அர்வோவின் இடுப்பில் ஏறியது. மரம் ஏற்றி வந்த லாரிக்காரர் ஒருவர் சாலையோரத்தில் இரண்டு பேரையும் பார்த்து, அர்வோவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். உயிர் பிழைத்துவிட்டார். நேராக நடப்பாரா என்பதுதான் தெரியாது.

ரெய்னோ மறுக்கவில்லை. இன்று மதியம் நீதிபதி முன்னால் கொலை முயற்சியை ஒப்புக்கொள்ளப் போகிறார். ஒப்புக்கொண்டால் மீதிக் காலம் சிறையில்தான் போகும்.

வெர்ன் தன் அறிக்கையில் ஒரு வரி எழுதியிருந்தான். அரசு வக்கீலுக்கு ரொம்பப் பிடித்துப்போன வரி அது. "இவர் குறி தப்பாதவர், ஆகவே அம்பு பட்ட இடமே இவர் நினைத்த இடம்."

ஜோலீன் அந்த வரியின்மேல் விரலை வைத்தாள்.

"இதுலயும் எனக்கு ஒண்ணு உதைக்குது பாஸ். குறி தப்பாதவர் கொல்லணும்னு எய்தா நெஞ்சுல இல்ல பட்டிருக்கணும்? இடுப்புல பட்டிருக்கு. அப்போ ஒண்ணு, கொல்ல நினைக்கல. இல்ல, குறி தப்பிடுச்சு. எதுவானாலும் நம்ம கேஸ் நொண்டுது."

வெர்னுக்குக் கழுத்துக்குப் பின்னால் சூடாக இருந்தது. இதைக் கேட்க டிட்ராய்ட்டிலிருந்து ஒருத்தி வர வேண்டியிருந்தது. இந்தப் பக்கத்தில் பிறந்த யாரும் கேட்கவில்லை. ரெய்னோவுக்குக் குறி தப்பும் என்பது அவர்கள் தலைக்குள் நுழையவே இல்லை.

"வா" என்றான்.

ரெய்னோ கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வயது அறுபதுக்கு மேல். வேட்டை உரிமம் வாங்க வரும் பிள்ளைகளுக்கு லூத்தரன் சர்ச்சின் கீழ்த்தளத்தில் வருஷா வருஷம் பாடம் எடுத்தவர். வெர்னும் பன்னிரண்டு வயதில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவன்தான். அவர் கையில் விலங்கு மாட்டிய அன்று அவர் முகத்தைப் பார்க்காமல் மாட்டினான்.

"காபி எப்படி இருக்கு?" என்றாள் ஜோலீன்.

"பாத்திரம் கழுவின தண்ணி."

"ஷெரிஃப் சொந்தக் கையால போட்டது. அப்படியே சொல்லிடறேன்."

வெர்ன் கம்பிக்கு அருகில் வந்தான். "ரெய்னோ, அன்னிக்கு என்ன கோட்டு போட்டிருந்தீங்க?"

அத்தனை நாளில் முதல் தடவையாக ரெய்னோ சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். அவருடைய வலது கை தானாகப் போய் இடது முன்கையைப் பொத்தியது.

"கோட்டு போடல."

"அந்தக் குளிர்லயா?"

"போடலன்னா போடல. விடுடா வெர்னு. மதியம் நான் ஒத்துக்கறேன். நீயும் நிம்மதியா வீட்டுக்குப் போ."

"அண்ணனைக் கொல்லணும்னுதான் எய்தீங்களா?"

"எனக்குக் குறி தப்பறதில்ல. உனக்குத் தெரியாதா?"

முதல் நாள் சொன்ன அதே பதில். வெர்ன் அப்போது அதைத்தான் ஒப்புதல் வாக்குமூலம் என்று எழுதிக்கொண்டான்.

வெளியே வந்ததும் ஜோலீன் சொன்னாள். "எங்கம்மாகிட்ட நான் பேசற மாதிரியே பேசறார். 'சிகரெட் பிடிச்சியாடி?'ன்னு கேட்டா, 'என்னைப் பத்தி உனக்குத் தெரியாதா?'ன்னு சொல்வேன். ஆமாவும் வராது, இல்லையும் வராது."

"பிடிப்பியா?"

"என்னைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?"

டெல்மாவின் மதுக்கடைக்குப் பின்னால் ரெய்னோ வில் பழகும் நீளமான ஒரு கூடம். இரும்பு அடுப்பு ஒன்று தகித்துக்கொண்டிருந்தது. கடைசியில் வைக்கோல் பொதிகள், அவற்றின்மேல் வட்டம் போட்ட தாள்கள். சுவர் முழுக்க ரெய்னோவின் கோப்பைகள். கோப்பைகளுக்கு நடுவில் பாடம் பண்ணிய ஒரு பெரிய மீன்.

"பாவி மனுஷன்" என்றாள் டெல்மா. "வாரம் தவறாம வருவான். அந்த அடுப்புப் பக்கமா நிப்பான். டப், டப், டப். எல்லாம் நடுவுல."

"குளிர்காலத்துல வெளிய பழக மாட்டாரா?"

"எங்க? பனி விழுந்தா முழங்கால் பிடிச்சுக்குதுன்னு இங்கதான். என்ன, எதுக்குக் கேக்கற?"

"சும்மாதான். ஜோலீன், எதையும் தொடாதே."

ஜோலீன் ஏற்கெனவே வாடகை வில் ஒன்றை எடுத்து அம்பு மாட்டியிருந்தாள். இறகு அடைத்த கோட்டு அவள்மேல் ஊதிய பலூன் மாதிரி நின்றது. "அசையாம நில்லுங்க பாஸ். இந்த ஊர்ல பொண்ணுக்கு இடுப்புன்னு ஒண்ணு இருக்கறதே மே மாசந்தான் தெரியும் போல, அதுக்குப் பழிவாங்கப் போறேன்."

நாணை விட்டாள். சடக் என்று ஒரு சத்தம். அம்பு வைக்கோலை நேராகப் பார்த்துக் கிளம்பி, பாதியிலேயே மனசு மாறினதுபோல் இடப்பக்கம் ஒதுங்கி, மீனின் வாலில் போய்க் குத்தி நின்றது. ஜோலீனின் இடது கோட்டுக்கை கிழிந்து, வெள்ளை இறகுகள் அடுப்புச் சூட்டில் மெதுவாக மேலே ஏறின.

"அந்த மீன் எங்க மாமனார் பிடிச்சது" என்றாள் டெல்மா.

"ரெண்டாவது தடவை செத்துடுச்சு. மன்னிச்சுக்குங்க."

"அறிவிருக்காடி? கோட்டைக் கழட்டிட்டு எய்யணும். இவ்வளவு தடிமன் கையில வெச்சுக்கிட்டு எய்தா நாண் துணியில தட்டாதா? தட்டினா அம்பு நேராவா போகும்?"

வெர்ன் மீனையே பார்த்துக்கொண்டு நின்றான். மேலே ஏறின இறகு ஒன்று திரும்பி வந்து அவன் தோளில் இறங்கியது.

"டெல்மா, ரெய்னோ இங்க என்ன போட்டுக்கிட்டு எய்வார்?"

"இந்த அடுப்புக்கா? அரைக்கை பனியன்தான்."

வில் எடுத்துக் காட்டுக்குப் போகிற எவனுக்கும் தெரிந்த விஷயம் இது. ரெய்னோவின் முதல் பாடமே இதுதான். எந்தக் கோட்டோடு காட்டுக்குப் போகிறாயோ அதே கோட்டோடு பழகு, முன்கையில் துணியை இழுத்துப் பட்டை கட்டு, குளிரில் குந்தியிருந்த உடம்பு நிமிராது, நாண் போகிற வழியைப் பார். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்த ஒவ்வொரு பிள்ளையையும் அவர் மூச்சுமுட்டக் கோட்டுப் போட வைத்து எய்யச் சொன்னார். அவரும் அப்படித்தான் பழகுவார் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

காரில் ஏறியதும் வெர்ன் சம்பவ இடத்துப் படத்தை எடுத்தான். பனியில் மானின் கால்தடம், பரணுக்கு நேர் எதிரே. அர்வோ விழுந்து கிடந்த இடம் அதற்கு அப்பால், இடப்பக்கத்துப் புதருக்குள். அன்று இந்தத் தடத்தை அவனே தாண்டித்தான் போனான்.

"மானுக்குத்தான் எய்தார்" என்றான்.

"சரி. அப்படின்னா அதைச் சொல்லிட்டுப் போகவேண்டியதுதானே? விபத்துன்னா வீட்டுக்குப் போகலாம். இவர் ஜெயில் போதும்னு உட்கார்ந்திருக்கார்."

"நீ இந்த ஊர்க்காரி இல்ல."

"அதைத் தினமும் ஒருத்தர் சொல்றீங்க. பதில் சொல்லுங்க."

வெர்ன் மறுபடி படத்தைப் பார்த்தான். ஜோலீன் கிழிந்த கோட்டுக்கையை டேப் போட்டு ஒட்டிக்கொண்டே யோசித்தாள்.

"பாஸ், உயிர் போற குளிர்ல நீங்க ஒரு கோட்டைக் கழட்டினா யாருக்காகக் கழட்டுவீங்க?"

வெர்ன் லாரிக்காரருக்கு போன் போட்டான். இரைச்சலுக்கு நடுவில் அவர் கத்தினார். "ஆமாய்யா, அந்தப் பெரியவரைக் கோட்டுல சுத்தித்தான் என் வண்டில ஏத்தினோம். தன் கோட்டைக் கழட்டிச் சுத்தினது அவர் தம்பிதான். நடுங்கிக்கிட்டு நின்னான். ஏன், இப்பக் கேக்கற? அன்னிக்கு நீ கேக்கவே இல்லையே."

"கேக்கல" என்று வெர்ன் ஒப்புக்கொண்டான்.

அர்வோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கட்டிலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பை, கட்டின முடிச்சு கட்டினபடியே.

"அதுவா? லாரிக்காரனோட கோட்டுன்னு நர்ஸ் சொல்லிச்சு. எழுந்து நடந்தா கொண்டுபோய்க் கொடுக்கணும்."

ஜோலீன் முடிச்சை அவிழ்த்தாள். பச்சைக் கம்பளிக் கோட்டு, கனமானது, ரத்தம் காய்ந்து முரடாகியிருந்தது. வெர்ன் கோட்டின் இடது கையைத் திருப்பினான். முன்கையின் உள்பக்கத்தில் கம்பளி நீளவாக்கில் மழித்தாற்போல ஒரு கோடு. அந்தத் தடத்தில் நாணுக்குப் பூசும் மெழுகு பளபளத்தது.

அர்வோ கையை நீட்டி வாங்கிக்கொண்டார். விரலால் அந்தத் தடத்தைத் தடவினார். அவரும் வில் பிடித்தவர்தான். யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இது ரெய்னோவோடது."

"ஆமாம்."

"தப்பிடுச்சா?" குரல் மிகவும் இறங்கியிருந்தது. "அவனுக்கா?"

"ஆமாம்."

"நான் வேற மாதிரி நினைச்சேன். என்னைப் பாத்துட்டான், பாத்துத்தான் எய்தான்னு."

"பாத்தா எய்யற அளவுக்கு அங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?" என்றாள் ஜோலீன். "இந்தக் கேள்விக்கும் நீங்க இதுவரைக்கும் பதிலே சொல்லல."

அர்வோ மறுபடி சுவருக்குத் திரும்பினார். சுவரிடமே சொன்னார்.

"துணிக்குப் போடற வாசனைத் தண்ணி. ஒரு பாட்டில் நிறைய. அவன் பரணுக்குக் கீழ ஊத்தப் போனேன். ஊத்தினா மனுஷ வாடைன்னு மான் எட்டிப்பாக்காது. அவனுக்கு இந்தப் பருவமே போயிடும். கடையில எல்லார் முன்னாடியும் கத்தினான் இல்ல, அதுக்கு." கையிலிருந்த கோட்டைப் புரட்டினார். "சர்ச்சுல முன்வரிசைல உட்கார்றவன் நான். பேரன் பேத்தி எடுத்தாச்சு. எந்த வாயால இதைச் சொல்றது?"

"உங்க தம்பி ஜெயிலுக்குப் போறதைவிடவா அது பெருசு?"

அர்வோ திரும்பாமலே கோட்டை அவளிடம் நீட்டினார். ஜோலீன் அதை வாங்கிப் பையில் போட்டாள். 

நீதிமன்ற அறை நிரம்பியிருந்தது. பாதிப் பேர் ரெய்னோவிடம் படித்தவர்கள். நீதிபதியும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவர்தான். தடித்த கோட்டுகளும் ஈர பூட்ஸும் சேர்ந்து அறைக்குள் ஆட்டுக் கொட்டில் வாடை.

வெர்ன் ரெய்னோவின் மேஜைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பையின் வாயைக் கொஞ்சம் விரித்தான். பச்சைக் கம்பளி தெரிந்தது. ரெய்னோவின் முகத்தில் ரத்தம் ஏறியது.

"மூடு."

"ரெய்னோ."

"மூடி வை வெர்னு. யாரும் பாக்கறதுக்குள்ள."

"இது ஒண்ணு போதும், நீங்க வெளிய வந்துடலாம்."

"வெளிய வந்து? இவங்க மூஞ்சில முழிக்கறதா?" தலையை அசைக்காமல் பின்வரிசைகளைக் கண்ணால் காட்டினார். "ஒவ்வொருத்தனுக்கும் நான் கோட்டு மாட்டிவிட்டு நிக்க வெச்சேன். 'கோட்டுப் போடாம பழகறவன் காட்டுக்கு வரக்கூடாது'ன்னேன். ஜெயில்ல யாரும் இதைப் பத்தி என்கிட்டப் பேச மாட்டாங்க. அங்க போறேன்."

"உங்க அண்ணன்கூட நீங்க கொல்லத்தான் எய்தீங்கன்னு நம்பினார், தெரியுமா? இன்னிக்குக் காலைல வரைக்கும்."

ரெய்னோ திரும்பினார்.

"அவனுமா? அவன் என்கூடப் பொறந்தவன்டா."

"உங்களுக்குக் குறி தப்பாதுன்னு எல்லாரையும் மாதிரி அவரும் நம்பினார். தப்பலன்னா, அப்புறம் கொல்லத்தானே?"

"நான் கோட்டைச் சுத்தி, சாலை வரைக்கும் இழுத்துட்டு வந்தேனே."

"அவருக்கு நினைவில்ல. லாரிக்காரர் கோட்டுன்னு நினைச்சார்."

நீதிபதி உள்ளே வந்தார். எல்லோரும் எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள். குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டது. குறி தப்பாதவர் என்ற வரியும் வந்தது. வெர்ன் தரையைப் பார்த்தான். தன் எழுத்து இன்னொருவர் வாயில் இவ்வளவு அசட்டுத்தனமாகக் கேட்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"கார்ப்பெலா, இதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?"

ரெய்னோ எழுந்து நின்றார். மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மானுக்கு எய்தேன்."

வக்கீல்கள் இருவரும் ஒரே சமயத்தில் தலைநிமிர்ந்தார்கள்.

"மான் எங்க நின்னுச்சு?" என்றார் நீதிபதி.

"நேரா. பக்கத்துலதான். ஒரு சின்னப் பையன்கூட அடிச்சிருப்பான்."

"அம்பு எங்க போச்சு?"

ரெய்னோ பையை ஒரு தடவை பார்த்தார். 

"இடப்பக்கம்" என்றார். "கோட்டுக்கை நாண்ல மாட்டிக்கிச்சு. பட்டை கட்டல. இந்தக் கோட்டைப் போட்டு நான் ஒரு நாள்கூடப் பழகினதில்ல. இந்த வருஷம் மட்டும் இல்ல. பல வருஷமா. அடுப்புப் பக்கத்துல பனியனோட நின்னு எய்துட்டு, உங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தேன்." மூச்சு வாங்கினார். "குறி தப்பிடுச்சு."

யாராவது ஒருவர் எழுந்து தனக்கும் தப்பியிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அந்த அறையில் வில் பிடித்த எல்லோருக்கும் தப்பியிருந்தது. வெர்னுக்கு ஒரு தடவை தப்பி, பக்கத்து வீட்டு நாயின் காது போனது. அதை அவன் நரி கடித்தது என்று சொல்லிவைத்திருந்தான். எல்லோரும் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"குறி தப்பாதவர்னு எழுதினது யார்?"

வெர்ன் எழுந்தான். "நான்தான்."

"விசாரிச்சு எழுதினீங்களா?"

"இல்ல, யுவர் ஆனர். தெரியும்னு எழுதினேன்."

உட்காரும்போது யாரும் அவனைப் பார்க்கவில்லை. கோட்டு நீதிபதியின் மேஜைக்குப் போனது. கொலை முயற்சி வழக்கு அன்றே விழுந்தது. கவனக்குறைவுக்கான அபராதமும் வேட்டை உரிமமும் பின்னால் பார்த்துக்கொள்ளப்படும் என்றார்கள்.

ரெய்னோ வாசலுக்கு வந்தபோது கூட்டம் வழி விட்டது. யாரும் கை கொடுக்கவில்லை. கேலியும் செய்யவில்லை. அதுதான் அவரை ரொம்பச் சுட்டது போலிருந்தது. காரில் ஏறும்வரை தலை நிமிரவில்லை.

"வீட்டுலயா விடறது?" என்றாள் ஜோலீன்.

அவர் தலையசைத்து மறுத்தார். "ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?"

போனார்கள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மூன்று பேரும் சேர்ந்து நடந்தார்கள். அர்வோவின் அறை திறந்திருந்தது. ரெய்னோ கதவுக்கு இரண்டு எட்டு முன்னாலேயே நின்றுவிட்டார். தொப்பியைக் கழற்றினார். போட்டார். மறுபடி கழற்றினார். வெர்ன் அவர் முதுகைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டான். அதற்கான உரிமை தனக்கு இப்போது இல்லை என்று பட்டது.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"யாரது வாசல்ல? ரெய்னோவா?"

"நான்தான் அண்ணே."

"நர்ஸு சொல்லிச்சு, ஊர் முன்னாடி சொல்லிட்டியாமே."

"சொல்லிட்டேன்."

 பிறகு அர்வோ தொண்டையைச் செருமினார்.

"நான் என்ன பண்ண வந்தேன்னு அந்த போலீஸ்காரன் உன்கிட்டச் சொன்னானா?"

"இல்லையே."

"சரி. அதை நான் சொல்லிக்கறேன். கத்திச் சொல்ற விஷயம் இல்ல அது." கட்டில் மறுபடி கிறீச்சிட்டது. "கிட்ட வாடா. தூரத்துல நின்னா உனக்குத் தப்பும்."

ரெய்னோவின் காது நுனிவரை சிவந்தது. தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.